முஸ்தபாவுக்குப் பொட்டி, பொட்டிக்குக் கீல்

கடைப் பக்கம் வந்து மூணு மாசம் ஆச்சு. தீசிஸ், இளநிலைப் பசங்களோட ஹோம்வொர்க் திருத்துறதுன்னு ஏகப்பட்ட ஆணி. நடுவுல ஒரு உருப்படாத வேலையும் பார்த்தேன். அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன்: இது முழுக்க முழுக்க கீல் பத்தின பதிவு. கதவுல இருக்குமே, அந்தக் கீல்தான். அரசியல், சினிமா, கவிதை எதிர்பார்த்து வந்தவங்க இப்பவே அப்பீட்டு ஆகிக்கலாம். ஆனா வீட்டுல சின்னக் குழந்தை இருக்கறவங்க மட்டும் கொஞ்சம் இருந்து படிச்சிட்டுப் போங்க.

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன். நாலாப்பு படிக்கும்போது எங்க ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு பிரௌசிங் சென்டர். பிரௌஸ் பண்ண யாரும் வர மாட்டாங்க. பசங்க எல்லாரும் வர்றது முஸ்தபா ஆட. கேம்ப்காம் கம்பெனிக்காரன்னு தப்பா எழுத வந்துட்டேன், கேப்காம். அவங்க 1993-ல விட்ட 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்' தான் அது. அந்தப் பேரு எங்க ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியாது. மஞ்சத் தொப்பி போட்ட முஸ்தபா ஓடி வந்து உதைக்கறது மட்டும் தெரியும். அதனால கேமுக்கே முஸ்தபான்னு பேரு வெச்சுட்டாங்க. தமிழ்நாட்டுல எங்க போய்க் கேட்டாலும் அதே பேர்தான். எப்படிப் பரவுச்சோ!

இங்க ஒஹையோவுக்கு எம்.எஸ். படிக்க வந்தப்புறம் ஒரு தமிழ்க் குடும்பம் பழக்கமாச்சு. அண்ணன் மதுரைக்காரர், நாப்பதைத் தொட்டவர். அவர் முஸ்தபாவை நிஜப் பொட்டியிலேயே ஆடினவர், ஒரு ரூபாய்க் காசு போட்டு. (அவரை அண்ணேன்னும் அவர் வீட்டம்மாவை அக்கான்னும் கூப்பிடறேன். முறை சரியா வரலையேன்னு பின்னூட்டத்துல கும்மாதீங்க.) ஒருநாள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டப்போ பேச்சு அங்க போயி, இங்க போயி, "பேசாம நாமளே ஒரு பொட்டி செஞ்சா என்ன?"ன்னு முடிஞ்சது. அவருக்கு கராஜ் இருக்கு. எனக்கு மெக்கானிக்கல் இன்ஜினியரிங் டிகிரி இருக்கு. போதாதா?

போதாது.

பொட்டி என்னவோ சுலபமாத்தான் வந்துச்சு. முக்கால் இன்ச் எம்.டி.எஃப். பலகை, உள்ள ஒரு ராஸ்பெர்ரி பை, பழைய மானிட்டர். வம்பெல்லாம் கன்ட்ரோல் பேனல்ல. ஜாய்ஸ்டிக்கும் பட்டனும் இருக்கிற அந்தச் சாய்வுப் பலகை. 26 இன்ச் அகலம், 15 இன்ச் ஆழம், மேல மூணு மில்லிமீட்டர் அக்ரிலிக். ரெண்டு பேருக்கு ரெண்டு ஜாய்ஸ்டிக். ஆளுக்கு ஆறு பட்டன். முஸ்தபாவுக்கு ரெண்டு பட்டன் போதும். ஆனா 1991-ல வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் டூ'வுக்கு ஆறு இல்லாம முடியாது, அண்ணனுக்கு அது இல்லாம முடியாது. ஸ்டார்ட், காசு பட்டனெல்லாம் சேர்த்து மொத்தம் பதினாறு.

இந்தப் பலகையைத் திறக்க முடியணும். ஏன்னா பட்டனோட மரை, சுவிட்ச், வயர் எல்லாம் அடிப்பக்கம்தான் இருக்கு. ஆட ஆட ஏதாவது ஒரு வயர் கழண்டுக்கும், ஒரு சுவிட்ச் உயிரை விடும். நாலு ஸ்க்ரூவை மேலருந்து போட்டு மூடிடலாம்தான். ஆனா அழகா அக்ரிலிக் ஒட்டிட்டு அதுக்கு மேல ஸ்க்ரூத் தலை தெரிஞ்சா நல்லாவா இருக்கும்? அதனால கீல். நான் என்ன யோசிச்சேன்னா, கார் பானெட் மாதிரி மானிட்டர் பக்கம் கீலை வெச்சு, முன்பக்கத்தைத் தூக்கித் திறக்கலாம்னு. கடையில போயி ரெண்டு சின்ன பட்டாம்பூச்சிக் கீல் வாங்கினேன், நாலு டாலர். பலகையோட பின்முனையில, அதாவது முக்கால் இன்ச் தடிமன் தெரியுதே அந்த ஓரத்துல, ஸ்க்ரூ போட்டு மாட்டினேன். ஆட்டிப் பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. மெக்கானிக்கல் இன்ஜினியர்டா!

அந்தச் சனிக்கிழமை நடந்ததைச் சொல்றேன். பேனலைத் தூக்கி ஒரு அடி ஸ்கேலை முட்டுக் கொடுத்துட்டு வயர் சொருகிட்டிருந்தேன். ஒரு வாஷர் உள்ள விழுந்துடுச்சு. அண்ணன் பொண்ணு குட்டிம்மாவுக்கு நாலு வயசு. "மாமா, நான் எடுக்கறேன்"னு டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு கையை உள்ள விட்டா. எடுத்தும் கொடுத்துட்டா. கையை வெளிய எடுத்தா, டார்ச்சை அங்கயே வெச்சுட்டா. நான் வாஷரை வாங்கத் திரும்பினேன். என் முழங்கை ஸ்கேல்ல பட்டுச்சு.

பலகை விழுந்த சத்தத்துல அக்கா மாடியிலருந்து ஓடி வந்தாங்க. டார்ச்சோட பிளாஸ்டிக் உடம்பு நொறுங்கிக் கிடந்துச்சு. ரெண்டு கீலும் ஸ்க்ரூவோட பிடுங்கிட்டு வந்து, எம்.டி.எஃப். ஓரம் பிஸ்கட் மாதிரி ரெண்டாப் பிளந்து நின்னுச்சு. குட்டிம்மா வாஷரைக் கையில வெச்சுக்கிட்டு என்னையே பார்த்தா. அக்கா ஒண்ணும் சொல்லல. குழந்தையைத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டாங்க. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை.

ராத்திரி தூக்கம் வரல. எழுந்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன், முன்னாடியே போட்டிருக்க வேண்டிய கணக்கு. பேனலோட எடை ஐந்தரை கிலோ. (மறுநாள் பாத்ரூம் தராசுல அதைத் தூக்கிக்கிட்டும் தூக்காமலும் நின்னு சரிபார்த்தேன்.) 15 இன்ச்னா 38 சென்டிமீட்டர், எடையோட மையம் கீல்லருந்து 19 சென்டிமீட்டர்ல இருக்கு. டார்ச் இருந்த இடம் கீல்லருந்து நாலு சென்டிமீட்டர். பாக்குவெட்டிக் கணக்குதான்: 5.5 × 19 ÷ 4. வர்றது 26 கிலோ. பலகை சும்மா மேல உட்கார்ந்திருந்தாலே டார்ச் மேல 26 கிலோ. அதே சமயம் பலகையோட பின்முனை மேல எழும்பப் பார்க்கும், கீல் அதைக் கீழ இழுத்துப் பிடிக்கணும். கீல் மேல விழுற இழுவை இருபது கிலோவுக்கு மேல. இதெல்லாம் அசையாம இருக்கும்போது. அறுபது டிகிரியிலருந்து விழுந்தா முன்விளிம்பு கீழ வந்து சேரும்போது மணிக்குக் கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர் வேகம். பிஞ்சு விரல்.

கதவிடுக்குல விரல் மாட்டறதும் இதே கணக்குதான். கைப்பிடிப் பக்கம் மாட்டினா வலிக்கும், கீல் பக்கம் மாட்டினா விரலே போகும். வீட்டுல குழந்தை இருக்கறவங்களை இருந்து படிக்கச் சொன்னது இதுக்குத்தான்.

அடுத்த வாரம் கடையில கீல் வரிசைக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் நின்னேன். அங்க வேலை பார்க்கிற தாத்தா மூணு தடவை வந்து "ஏதாவது உதவி வேணுமா?"ன்னு கேட்டுட்டுப் போனார். நாலாவது தடவை கேக்கல, சந்தேகமாப் பார்த்தார்.

முதல்ல கண்ணுல பட்டது கிச்சன் அலமாரியில வருமே, 35 மில்லிமீட்டர்ல வட்டக்குழி தோண்டி உள்ள அமுக்குற கிண்ணக் கீல். வெளிய ஒண்ணும் தெரியாது, மெதுவா மூடிக்கிற வகையும் இருக்கு. ஆசையாத்தான் இருந்துச்சு. ஆனா அது நிமிர்ந்து நிக்கிற கதவுக்குன்னு செஞ்சது. அதுவுமில்லாம குழி தோண்ட வேண்டிய இடத்துல என் ஸ்டார்ட் பட்டன் உட்கார்ந்திருக்கு.

அடுத்தது தூக்கிக் கழட்டற கீல். ஒரு பாதியில ஊசி, இன்னொரு பாதியில குழாய். ஊசியிலருந்து உருவிட்டா பேனல் முழுசாக் கையோட வந்துடும். ஆஹா, மேசையில வெச்சு ஹாயா வயரிங் பண்ணலாமேன்னு ரெண்டைக் கையில எடுத்துட்டேன். பில் போடற இடத்துக்கு நடந்து போகும்போதுதான் உறைச்சுது. கதவுல ஊசி நெட்டுக்குத்தா நிக்கும், மேல தூக்கலாம். என் பலகையில ஊசி படுத்திருக்கும். உருவணும்னா பலகையைப் பக்கவாட்டுல ஒரு இன்ச் தள்ளணும். பக்கவாட்டுல பொட்டியோட சுவர் இருக்கு, இடைவெளி ஒரு நூல்தான். திரும்பிப் போயி வெச்சுட்டு வந்தேன். தாத்தா பார்த்துக்கிட்டே இருந்தார்.

பொம்மைப் பெட்டி மூடிக்குன்னு ஒரு கீல் இருக்கு. முறுக்கு வில் வெச்சது. எந்தக் கோணத்துல விட்டாலும் அப்படியே நிக்கும். குழந்தைங்க தலையில மூடி விழாம இருக்கவே கண்டுபிடிச்சது. இதுக்குத் திறனை இன்ச்-பவுண்டுல போட்டிருப்பாங்க. மூடியோட ஆழம் பெருக்கல் எடை, வகுத்தல் ரெண்டு. நமக்கு 15 இன்ச், 12 பவுண்டு, ஆக 90. நான் பார்த்ததுல ஒரு கீலுக்கு 30, 40, 50, 60-ன்னு இருந்துச்சு, ஐம்பதுல ரெண்டு போட்டா ஜோராத் தாங்கும். விலையைப் பார்த்தேன். ரெண்டு வார மளிகை. ஆனாலும் அதைத்தான் வாங்கணும்னு முடிவு பண்ணிட்டேன். குழந்தை விரலை விடவா?

வாங்கறதுக்கு முன்னாடி அப்பாவுக்கு போன் போட்டேன்.

இதை எழுதலாமா வேணாமான்னு ரொம்ப யோசிச்சேன். எங்க அப்பா தச்சு வேலை செய்யறவர். முப்பத்தஞ்சு வருஷமா ஊர்ல பாதி வீட்டுக் கதவு அவர் மாட்டினது. சின்ன வயசுல நான் பட்டறைப் பக்கம் போனா விரட்டுவார். "நான் ரம்பம் பிடிக்கிறது போதும், நீ போய்ப் படி"ன்னு. அவர் இடது கட்டைவிரல் நகம் எப்பவும் கறுப்பா இருக்கும். கடன் வாங்கி என்னை இங்க அனுப்பினார். அப்படி வந்தவன் கராஜ்ல ரம்பம் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன், அதுவும் வீடியோ கேம் பொட்டிக்கு. நாலு மாசமா அவர்கிட்ட மூச்சு விடல. இப்ப வேற யார்கிட்ட கேக்கறது?

எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றார். இல்லப்பான்னேன். "பிளந்த இடத்தக் காட்டு."

வீடியோவுல காட்டினேன்.

"இது பலகையா அட்டையா?"

"எம்.டி.எஃப்.ப்பா."

"அட்டைதான். தூளை ஒட்டி அமுக்கினது. அதோட முனையில திருகு போட்டா ஆப்பு அடிச்ச மாதிரி பிளக்கத்தாம்ல செய்யும். என்னத்தப் படிச்ச நீ?"

ஙேன்னு முழிச்சேன். பதில் சொல்ல ஒண்ணும் இல்லை.

"சரி, எதுக்கு மேல பாத்துத் திறக்க? முழுசா மல்லாந்து திறக்குமா?"

இங்கதான் எனக்குப் பொறி தட்டுச்சு. திறக்காது. பின்னாடி மானிட்டர் இருக்கு. தொண்ணூறு டிகிரியைத் தாண்ட விட்டா ஜாய்ஸ்டிக் குமிழ் போயி மானிட்டர்ல இடிக்கும். அதனால பலகை எப்பவும் அரைகுறையாத் திறந்து, எப்பவும் மூடத் துடிச்சுக்கிட்டே இருக்கும். நான் எவ்வளவு நல்ல கீல் வாங்கினாலும் பூமி அதைக் கீழ இழுத்துக்கிட்டேதான் இருக்கும். அந்த வில் தளர்ந்துபோற அன்னிக்கு மறுபடி 26 கிலோ.

"நம்ம பெட்டிக்கடைப் பலகை எப்படி இருக்கு? முன்னாடி சாஞ்சு தொங்கும்ல. ரெண்டு பக்கமும் சங்கிலி. அப்படி வை."

அவ்வளவுதான். கீல் ஆடறவன் பக்கம், முன்விளிம்புல. பின்முனையைத் தூக்கி, முன்னாடி கவிழ்த்தா பலகை மல்லாந்து சங்கிலியில நிக்கும். அடிப்பக்கம் மேல பார்த்துக்கிட்டு இருக்கும், வயர் எல்லாம் கண்ணு முன்னாடி. தொண்ணூறைத் தாண்டினதும் அதே எடை பலகையைத் திறந்தே வெச்சிருக்கும். தானா மூடவே மூடாது. முட்டு வேணாம், வில்லு வேணாம்.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, அந்தக் காலத்து நிஜப் பொட்டி நிறைய இப்படித்தான் இருந்திருக்கு. கடைக்காரர் உண்டியல் கதவைத் திறந்து, உள்ள கையை விட்டு ரெண்டு கொக்கியை விடுவிச்சா பேனல் அவர் பக்கமே சாயும். இதைத் தேடிப் படிச்சிருந்தா ஒரு டார்ச்சாவது மிஞ்சியிருக்கும். மதுரைக்கார அண்ணனும் அப்புறம்தான் சொல்றார், "ஆமாப்பா, ஓனர் அப்படித்தான் திறப்பாரு, நான் பார்த்திருக்கேன்." ஏண்ணே முன்னாடியே சொல்லலன்னா, "நீ கேக்கலையேப்பா." கர்ர்ர்ர்.

வகை முடிவாச்சு: பியானோ கீல். பியானோ மூடிக்குப் போடற மாதிரி ஒரே நீளப் பட்டை. 30 இன்ச் நீளம், விரிச்சா ஒன்றரை இன்ச் அகலம், பதினஞ்சு டாலருக்குள்ள. ரெண்டு இன்சுக்கு ஒரு ஓட்டை. 26 இன்ச்சுக்கு வெட்டினா பக்கத்துக்குப் பதிமூணு ஸ்க்ரூ. ரெண்டு கீல்ல நாலு ஸ்க்ரூ தாங்கின சுமையைப் பதிமூணு பங்கு போட்டுக்கும். பலகை வளையாம இழுத்துப் பிடிக்கிறது இனாம். ஹாக்சாவுல வெட்டும்போது ரெண்டு முட்டிக்கு நடுவுல இருக்கிற கோட்டுல வெட்டணும். முட்டி மேலயே வெட்டினா முனை ஆடிக்கிட்டே இருக்கும். எனக்கு ஒரு அரை முட்டி போச்சு, பரவாயில்லை.

அட்டையில திருகு நிக்காதுங்கறதுக்கு அப்பா சொன்ன வழி ரீப்பர். பேனலோட அடியில முன்விளிம்பை ஒட்டி ஒரு ரீப்பர், பொட்டியோட முன்பலகை உச்சியில உள்பக்கமா இன்னொண்ணு. ரெண்டையும் பசை போட்டு, ராத்திரி முழுக்கக் கவ்வி வெச்சு ஒட்டிட்டு, கீலை இந்த ரெண்டு நிஜ மரத்துக்கு நடுவுல மாட்டணும். இங்க ரீப்பர் வாங்கறது ஒரு தனிக் கூத்து. ஒண்ணுக்கு ரெண்டுன்னு எழுதியிருக்கும். அளந்தா முக்காலுக்கு ஒன்றரை. "அங்கயும் ஏமாத்துறானா?"ன்னு அப்பா ரொம்ப சந்தோஷமாக் கேட்டார்.

மாட்டும்போது கத்துக்கிட்டது ஒண்ணு ரெண்டு. பதிமூணையும் ஒரேயடியா முறுக்கிடாதீங்க. ரெண்டு முனையிலயும் நடுவுலயும் ஒவ்வொண்ணு போட்டு, திறந்து மூடிப் பார்த்துட்டு அப்புறம் மிச்சம். ஓட்டையோட நட்டநடுவுல ஆணியால ஒரு புள்ளி வெச்சுட்டு டிரில் பண்ணுங்க, இல்லைன்னா ஸ்க்ரூ ஒதுங்கிப் போயி கீலையே இழுத்துடும். பித்தளைக் கீல்னா முதல்ல இரும்பு ஸ்க்ரூவைப் போட்டுக் கழட்டிட்டு, அந்தத் தடத்துல பித்தளையைப் போடணும். நேராப் போட்டா தலை முறிஞ்சுடும். கீலை மடிச்சா அதுக்கும் ஒரு தடிமன் உண்டு, அந்த அளவுக்கு முன்பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கும். அப்பா உளியால செதுக்கச் சொன்னார். என் உளி லட்சணத்துக்குப் பயந்து, மத்த மூணு பக்கமும் பலகை உட்கார்ற இடத்துல அதே தடிமனுக்குக் கார்க் பட்டை ஒட்டிட்டேன். சமமாயிடுச்சு. பட்டனைக் குத்தும்போது வர்ற கடகட சத்தமும் போயிடுச்சு. அப்பாகிட்ட செதுக்கிட்டேன்னுதான் சொல்லியிருக்கேன். உஷ்.

வயர் விஷயம் கீலோட சேர்ந்ததுதான். பதினாறு பட்டன், ஜாய்ஸ்டிக்குக்கு நாலு நாலு சுவிட்ச். அத்தனை வயரும் கீலைத் தாண்டிப் பொட்டிக்குள்ள போனா, ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஏதோ ஒண்ணு இழுத்துக்கும். அதனால அந்த சின்ன யு.எஸ்.பி. போர்டு ரெண்டையும் பேனல் அடியிலயே திருகிட்டேன். இப்ப கீலைத் தாண்டறது ரெண்டே ரெண்டு யு.எஸ்.பி. கேபிள். அதுக்கு மட்டும் ஒரு முழம் தளர்வா விட்டா போதும். பின்முனைக்கு உள்பக்கமா ரெண்டு இழுப்புக் கொக்கி, கையை விடறதுக்குப் பொட்டியோட முதுகுக் கதவு. அதுக்குப் பூட்டு. சாவி அக்காகிட்ட.

போன ஞாயித்துக்கிழமை அக்காவைக் கூப்பிட்டு மூணு தடவை திறந்து மூடிக் காட்டினேன். அவங்க அவங்க கையாலயே சங்கிலியைப் பிடிச்சு இழுத்துப் பார்த்தாங்க. மல்லாந்த பலகையைத் தட்டிப் பார்த்தாங்க. அப்புறம் உள்ள போயி குட்டிம்மாவைக் கூட்டிட்டு வந்து ஸ்டூல் போட்டு நிக்க வெச்சாங்க. அவ ஹானாவைத்தான் எடுத்தா, முஸ்தபாவைச் சீண்டக்கூட இல்லை. மூணு காசுல அவுட்டு.

அப்பா வீடியோவுல பார்த்துக்கிட்டிருந்தார். கேமைப் பார்க்கல. "திறந்து மூடு"ன்னார். மூடினேன். "இன்னொருக்கா." காதை போன்கிட்ட வெச்சுக் கேட்டார்.

"கிறீச்சுங்குது. ஒரு சொட்டு தேங்கா எண்ணெய் விடு."

"அப்பா, இங்க இருக்கிற குளிருக்குத் தேங்கா எண்ணெய் கல்லு மாதிரி உறைஞ்சு போயிடும்ப்பா."

"அப்ப மிஷின் எண்ணெய் விடு. எனக்கேவா சொல்லித் தர்ற?"

பி.கு: அடுத்த வேலை அந்த மூணாவது ஆளுக்கு ஜாய்ஸ்டிக். முஸ்தபா மூணு பேர் ஆடற கேமாச்சே! 26 இன்ச்சுல மூணு பேர் தோளோட தோள் இடிக்காம நிக்க முடியுமான்னு அட்டையில வரைஞ்சு பார்த்துக்கிட்டிருக்கேன். யாராவது செஞ்சு பார்த்திருந்தா சொல்லுங்கப்பு :-)